அண்ணனின் இயந்திரம் நின்றது என்னால்

அண்ணனை வழியனுப்பப் பதினாறாம் நாளில் கூடியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். நான் கோபத்தில் கத்தக் கத்த, என் மகள் வசவுகளை நீக்கிவிட்டு எழுதுகிறாள். இந்த நினைவு மலரில் கட்டுரை சின்னதாக இருப்பது அதனால்தான்.

அண்ணன் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்தார். அப்பா போனதும் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஜெனரேட்டர் மெக்கானிக் ஆனார். என்னையும் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார். என்னால் பட்டறைக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டும்தான்.

ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கள் தலைக்கு மேலேயே போகும். கோடையில் ஆட்கள் மயங்கி விழுவார்கள். "டீசல ஊத்தி நம்பளயே வேக வெச்சிகினு கீறோம்டா" என்பார் அண்ணன். முதலாளி காதில் அது விழவே இல்லை.

அந்த அனலை இழுத்து வேலை வாங்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இயந்திரத்தைச் செய்தார். புகைச் சூட்டில் தண்ணீர் கொதித்து, நீராவி ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்த ஆவியில் மிச்சமிருக்கும் சூடு, ஃபிரிட்ஜைக் குளிரவைக்க அடைக்கும் திரவத்தைப் பொங்கவைத்து இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். இரண்டும் மின்சாரம் தரும்.

"எதுக்கு அண்ணாத்தே ரெண்டு? தண்ணி மட்டும் பத்தாதா?" என்றேன்.

"தண்ணி பெரிய ஊட்டுப் புள்ளடா. செமத்தியா சூடு குட்தாத்தான் எந்திரிப்பான். இவன் நம்பள மாரி, மிச்சம் மீதியிலயே ஓடுவான்."

முதலாளி பார்க்க வந்த அன்று, இரண்டாவது குழாயை மூட்டுவது என் வேலை. அண்ணன் கொடுத்த செம்பு வாஷரைத் தொலைத்துவிட்டு, பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். அந்தத் திரவம் ரப்பரைத் தின்றுவிடும் என்று அவர் நூறு தடவை சொல்லியிருந்தார். பத்தே நிமிடத்தில் புஸ்ஸென்று எல்லாம் வெளியேறி, சக்கரம் நின்றது.

"இதுக்கெல்லாம் படிச்சவன் இருக்கான்யா. இந்தத் தகரத்தைத் தூக்கிட்டுப் போ" என்றார் முதலாளி.

அண்ணன் குழாய் இணைப்பைக் கழற்றினார். ட்யூப் துண்டு ஊறிப்போய் கையில் வந்தது. என்னைப் பார்த்தார். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "என் தப்புதான் சார்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் அதே அனலுக்கு அடியில்தான்.

சாவுக்கு மாலையோடு வந்த முதலாளி என் தோளைத் தட்டி, "நல்ல மனுஷன்பா. பாவம், அந்த மிஷின்தான் ஓடல" என்றார். அந்த நேரம் என்னைக் குழாயில் மாட்டியிருந்தால் நாலு சக்கரம் சுற்றியிருக்கும். அவர் மேல் மட்டுமா கோபம்? இத்தனை வருடம் பல்லை இளித்துக்கொண்டு வாயை மூடியிருந்த இந்தக் கோமாளி மேலும்தான். அதனால் அச்சிலேயே சொல்கிறேன்: தப்பு என்னுடையது. அண்ணன் செய்தது சரி.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பட்டறைத் தோழர்களுக்கும், அண்ணியின் பக்கத்தை விட்டு நகராத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

பந்தலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது. அதன் புகைக்குழாயில் அண்ணனின் இயந்திரத்தை மாட்டியிருக்கிறேன், இந்த முறை செம்பு வாஷரோடு. மூன்று தடவை ஓட்டிப் பார்த்த பிறகே இதை அச்சுக்குக் கொடுத்தேன். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் சுற்றும் மின்விசிறி அதில்தான் ஓடுகிறது. முதலாளியையும் அழைத்திருக்கிறேன். அவர் நாற்காலியை அந்த விசிறிக்கு நேர் எதிரே போட்டிருக்கிறேன்.

காத்து வருதா சார்?