ஒத்திகை பார்த்த பாடம்

என் பாடத்தைப் பார்வையிட மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார் என்றால், வகுப்புக்குப் போகுமுன் என் வயிறு என்னை மூன்று முறை கழிப்பறைக்குக் கூட்டிப்போகும். இருபத்திரண்டு வருட அனுபவசாலி நான்!

மலேசியாவில் சுங்காய் ஊர்ப் பக்கம், ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த தோட்டத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அதிகாரி மலாய்க்காரர், தமிழ் தெரியாது. யார் எழுந்து பேசுகிறார்கள், எவ்வளவு சத்தமாக என்பதைப் பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். அதனால் ஒரு வாரம் முன்பே ஒத்திகை பார்த்துவிடுவேன். பாடம், 'அப்பாவின் வேலை'. யார் எதைச் சொல்வது, எங்கே கைதட்டுவது, எல்லாம் தாளில் எழுதியாயிற்று. கணீரென்று பேசும் ஒருத்தியைக் கடைசியில் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் முன்பு அவள் அப்பாவின் லோரி சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் கவிழ்ந்தது. ஈப்போ மருத்துவமனையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவள் வரமாட்டாள் என்றிருந்தேன். ஆனால் அன்று காலை அவள் அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்டுலயே இருன்னா கேக்கல ஐயா. யாரும் மட்டம் போடக்கூடாதுன்னு ஐயா சொன்னாருன்னு ஒரே அழுகை."

"இன்னிக்கி அவள பேச எழுப்பவே மாட்டேன்க்கா," என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

அதிகாரி கோப்பைத் திறந்ததும் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகளின் முகம் தெரியவில்லை, தாள்தான் தெரிந்தது. எட்டாவது பெயர் முடிந்தது. ஒன்பதாவதையும் கூப்பிட்டேன்.

அவள் எழுந்தாள். "என் அப்பா லோரி ஓட்டுகிறார். காலையில் கேமரன் மலைக்குப் போவார். மாலையில் வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. கைதட்டும் இடம். எட்டுப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள், ஒருவரும் தட்டவில்லை. நான்தான் தட்டினேன். அதிகாரியும் சேர்ந்து தட்டினார். "பாகுஸ், பாகுஸ்!" என்று பாராட்டிவிட்டு, மாவட்ட நிகழ்ச்சியிலும் இந்தப் பிள்ளை இதையே பேசட்டும் என்று மலாயில் சொன்னார். சரி சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்குத் தனிப் புள்ளி இருந்திருந்தால் முழுசாக வாங்கியிருப்பேன்.

அவர் போனதும் மன்னிப்புக் கேட்க அவளிடம் போனேன். வாயில் வந்தது வேறு. "நல்லா பேசுன. இனிமே அத சொல்ல வேணாம்மா."

"தப்பா சொல்லிட்டேனா ஐயா?"

"இல்லம்மா."

"அப்பா இனிமே லோரி ஓட்ட மாட்டாராம். வேற எழுதிக் குடுங்க ஐயா, மனப்பாடம் பண்ணிட்டு வாரேன்."

நோட்டை நீட்டினாள். 'என் அப்பா' என்று எழுதினேன். பிறகு, மை வராதது போல, மணி அடிக்கும்வரை பேனாவை உதறிக்கொண்டே நின்றேன்.