எல்லா நாளுக்கும் டிக் போட்டிருந்தேன்

என் மகள் ஏஞ்சலுக்கு ஆறு வயது. நாலு வயதிலிருந்து வலிப்பு. ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட வரும். சாப்பிடும்போது வரும். போன வருடம் பள்ளிக்கூடத்தில் வந்தது. வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் பென்னலூரில் இருக்கிறோம். நானும் என் மனைவி மேரியும் ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிறோம். அவள் காலை ஷிஃப்ட், நான் இரண்டாவது ஷிஃப்ட். நான் எட்டாவதோடு நின்றவன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் வார்த்தை வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

சென்னையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வலிப்புக்குப் புது மருந்து ஒன்றை ஆராய்ச்சி செய்தார்கள். போன மே மாதம் ஏஞ்சலையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு புத்தகம் கொடுத்தார்கள். மருந்து கொடுத்தோமா, வலிப்பு வந்ததா, காய்ச்சல், வாந்தி, தோலில் ஏதாவது உண்டா என்று தினமும் எழுத வேண்டும். சின்னதானாலும் எழுதுங்கள் என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வைத்தியம் நிற்காது என்று படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

பத்தாம் நாள் வலிப்பு நின்றது. முழு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மேரி அழுதாள். நான் அழவில்லை. சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

மூன்றாம் வாரம் மார்பில் சிவப்பாகப் புள்ளி வந்தது. வேர்க்குரு என்றேன். இரண்டு நாளில் உடம்பு சுட்டது, வாயிலும் புண் வந்தது.

"புக்குல எழுதுய்யா" என்றாள் மேரி.

"எழுதுனா மருந்த நிறுத்திடுவாங்க. மறுபடியும் இழுத்துகினு கெடக்கட்டுமா?"

அவள் ஈரத்துணியை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள்.

கம்பெனியில் குறை எழுதினால் எழுதினவனிடம்தான் விளக்கம் கேட்பார்கள். எனக்கு அந்தப் புத்திதான் இருந்தது. இன்னொரு பழக்கமும் உண்டு. மெஷின் பக்கத்தில் செக் ஷீட் தொங்கும். எண்ணெய், காற்றழுத்தம் எல்லாம் மணிக்கு ஒரு தடவை பார்த்து டிக் போட வேண்டும். நாங்கள் ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே மொத்தமாகப் போட்டுவிடுவோம். ஏஞ்சலின் புத்தகத்தையும் அப்படித்தான் நிரப்பினேன். மருந்தை வேளை தவறாமல் கொடுத்தேன். ஆனால் மற்ற கட்டமெல்லாம் ஒரே மூச்சில் "இல்லை", "இல்லை", "இல்லை".

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. புத்தகத்தைக் காட்டி அடுத்த மருந்து வாங்கி வரும் நாள். பிள்ளையைக் கூட்டிப் போவது கட்டாயம் இல்லை. புள்ளியை யாரும் பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டுப் போனேன். மேரி அன்று லீவு போட்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி ஜெபித்தேன். "ஆண்டவரே, இன்றைக்கு அங்கே யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது." இதுதான் என் ஜெபம். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அங்கே திவ்யா என்று ஒரு பெண் இருந்தாள். டிகிரி மூன்றாம் வருடம். மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள். நெற்றியில் விபூதி. ஊசி போடவோ மருந்து சொல்லவோ அவளுக்கு அனுமதி கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டுத் தேதி சொல்வாள், மீதி மருந்தை எண்ணுவாள், புத்தகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை.

புத்தகத்தைப் புரட்டினாள். நிறுத்தினாள்.

"அண்ணா, நாளைக்கும் டிக் போட்டு வெச்சிகீறீங்க."

"குடுக்கத்தானம்மா போறேன்."

"நீங்க இன்னா வேல அண்ணா?"

"ஒரகடத்துல. கம்பெனி லைன்ல."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க அப்பாவும் லைன்தான். நாங்க சிங்கப்பெருமாள் கோவில். ஆடிட் வருதுன்னா மூணு கலர் பேனா எடுத்துகினு போவாரு, பழைய ஷீட்டெல்லாம் ஒரே நாள்ல ரொப்ப."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"புக்க வுடுங்கண்ணா. பாப்பா இப்ப இன்னா பண்ணுது?"

"வூட்ல கீது. படுத்துகினு."

"மணி பதினொண்ணு ஆவுது. ஆறு வயசுப் புள்ள இந்நேரத்துக்கு ஏன் படுத்துகினு கீது?"

கேட்கக் கூடாது என்று ஜெபித்த கேள்வி. பொய் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. புள்ளி, காய்ச்சல், வாய்ப்புண், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து ஓடினாள். டாக்டரோடு வந்தாள்.

டாக்டர் மேரிக்கு வீடியோ கால் போடச் சொன்னார். மேரி சட்டையைத் தூக்கிக் காட்டினாள். புள்ளி முதுகு முழுக்கப் பரவி இருந்தது. "மருந்து ஒத்துக்கல. இனிமே ஒரு வேளகூட குடுக்காதீங்க. உடனே கொண்டு வாங்க" என்றார்.

"வலிப்பு திரும்ப வந்துடுமே சார்?"

"வரலாம். அதுக்கு வேற மருந்து இருக்கு. இப்ப உயிரப் பாப்போம்."

பக்கத்து வீட்டுக்காரர் கார் ஓட்டுபவர். அவர்தான் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்து சேர இரண்டு மணி நேரம். நான் வராந்தாவில் நின்றேன். காலையில் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "ஆண்டவரே, நான் பொய் எழுதினேன். பிள்ளையை மட்டும் காப்பாற்றும்." வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏஞ்சல் வந்தபோது தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. நாலு நாள் அப்படியே கிடந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் இட்லி கேட்டாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. டாக்டர் ஒன்று சொன்னார். "இதே மருந்த இன்னும் எத்தனையோ புள்ளைங்க சாப்பிடுது. நீங்க எழுதுறதப் பாத்துதான் அதுங்களுக்கும் என்ன ஆவும்னு எங்களுக்குத் தெரியும்." அது அடித்தது போல இருந்தது. என் பிள்ளையை மட்டும்தான் நினைத்தேன்.

புத்தகத்தைத் திருத்தச் சொன்னார்கள். நான் ரப்பர் கேட்டேன். அழிக்கக் கூடாதாம். பழைய எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு. பொய் தெரிய வேண்டும். பக்கத்தில் உண்மை, தேதி, கையெழுத்து. ஒவ்வொரு நாளாக நானே எழுதினேன். திவ்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாள் பொய்க்கு ஒன்பது கோடு போட்டேன். தேவ சமூகத்தில் நான் செய்த பாவ அறிக்கை அதுதான்.

வேறு மருந்து கொடுத்தார்கள். வலிப்பு முழுவதும் போகவில்லை. மாதத்துக்கு ஒன்று வருகிறது. ஏஞ்சல் பள்ளிக்கூடம் போகிறாள். வேறு பள்ளிக்கூடம். கம்பெனியில் இப்போது மெஷினைப் பார்த்துத்தான் டிக் போடுகிறேன். திவ்யாவின் பயிற்சி முடிந்துவிட்டது. அவள் படிப்புக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் தள்ளிவிட்டார். தள்ளினதால் என் பிள்ளை இருக்கிறாள். நன்றி சொல்ல எனக்கு இதற்கு மேல் வார்த்தை இல்லை.

நம் சபையிலேயே வலிப்பு உள்ள பிள்ளையை வெளியே காட்டாமல் வைத்திருக்கிற வீடு உண்டு. எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டி நிறுத்துகிற இடத்தில் நிற்பேன். வந்து உள்ளதைச் சொல்லுங்கள். அங்கேயே ஜெபிப்போம். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.