அக்கா அனுப்பும் படங்கள்

அக்கா பெல்ஜியத்துக்குப் போய் இருபது வருடமாகிறது. அங்கே பழைய ஓவியங்கள் வைத்திருக்கும் ஒரு கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். நான் இங்கே ஊரில், கல்லடியில் இருந்துகொண்டு அவள் முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சுவேன். வீடியோ அழைப்பை மட்டும் எடுக்கவே மாட்டாள்.

"மறுகா ஒருநாள் பாப்பம் புள்ள. இப்ப கிழவி மாதிரிக் கிடக்கன்," என்பாள்.

யார் சொல்வது பாருங்கள்! எங்கள் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை ஒருவருக்கும் விடாதவள். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வெளிக்கிட்டால் பின்னலை மூன்று தரம் அவிழ்த்துப் பின்னுவாள். நாங்கள் அமிர்தகழிக் குளத்தடிக்குப் போய்ச் சேரும்போது சனமெல்லாம் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்.

முகத்துக்குப் பதிலாக ஓவியங்களைப் படமெடுத்து அனுப்புவாள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தியவையாம். ஒன்றில் ஒரு பெண் கண்ணாடி பார்க்கிறாள். அந்தக் கண்ணாடியைப் பிடித்திருப்பது ஒரு பேய்.

"தன்ர வடிவில மயங்கினா இப்படித்தானாம். எனக்கெண்டே கீறி வச்சிருக்கானுகள்," என்று குரல் பதிவு அனுப்பிச் சிரித்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணாடி பார்ப்பது அவ்வளவு பாவமென்றால், அந்தப் பெண்ணை அத்தனை அழகாக ஏன் வரைய வேண்டும்?

போன மாதம் இன்னொரு படம் வந்தது. ஓர் அறை, பின்சுவரில் பேருந்தின் பக்கக் கண்ணாடி போலப் புடைத்த சின்ன வட்டக் கண்ணாடி. "அதுக்குள்ள கீறின ஆளே நிக்கிறார். பெருப்பிச்சுப் பாரு," என்றாள்.

விரலால் விரித்துப் பெருப்பித்தேன். ஓவியர் கடுகளவு தெரிந்தார். ஆனால் ஓவியத்தைப் பாதுகாக்க அதன்மேல் போட்டிருந்த கண்ணாடித் தகட்டில் இன்னொருவர் தெரிந்தார். நீல ஏப்ரன், தூக்கிப் பிடித்த போன், அதற்குப் பக்கத்தில் பாதி முகம். ஒட்ட வெட்டிய தலை முழுக்க வெள்ளை. என் அக்கா! போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கண்டுவிட்டேன் என்று சொன்னால் படம் அனுப்புவதையும் நிறுத்திவிடுவாள். அதனால், "வடிவா விளங்கயில்ல அக்கா. இன்னொருக்கா எடுத்து அனுப்பு," என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. என் கள்ளம் பிடிபட்டுவிட்டது என்று பயந்துபோனேன்.

மூன்றாம் நாள் அதே ஓவியம் வந்தது. இந்தத் தடவை போனை நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடித்திருந்தாள். கண்ணாடியில் முழு முகமும் தெரிந்தது. வெள்ளைத் தலையை வழித்துச் சீவி, பொட்டு வைத்திருந்தாள்.

கீழே ஒரு வரி: "இப்ப விளங்குதா?"