பாத்திமா எழுதி நான் அழித்த இரண்டு வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை, கிங்ஸ் சர்க்கிளில் செம்பூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பாத்திமாவின் தங்கை நூர்ஜஹான் போனில் அழைத்தாள். “சுதாக்கா, அக்கா மௌத்தாயிட்டா” என்றாள். விடிகாலைத் தொழுகை முடித்து டீ போடப் போனவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. தாராவிக்கு டாக்சி பிடித்தேன். மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார்கள். அதுவரை அந்த மாடி வீட்டில், பெண்கள் கூட்டத்தின் நடுவே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களில் பலருக்கு அவர் தாராவித் தோல் பட்டறைக்காரர் மகள். சிலருக்கு, வைரம் பார்க்கிற அம்மா. எனக்கு அவர் ஒன்பது வருடங்களாக மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவர். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் நிறுவனம். வீடுகளிலிருந்து வரும் பழைய வைர நகைகளை இணையத்தில் விற்றுக்கொடுப்பது தொழில். பாத்திமா நகையைப் பார்த்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவார். நான் படமெடுத்து, அறிக்கையைச் சுருக்கி, இணையப் பக்கத்தில் ஏற்றுவேன்.

மற்ற மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளையும் நான் நிறையப் படித்திருக்கிறேன். கல்லின் எடை, நிறம், தெளிவு, கடைசியில் ஒரு பெரிய தொகை. பாத்திமாவின் அறிக்கையில் மட்டும் அதற்குப் பிறகும் ஒரு தலைப்பு இருக்கும்: ‘பார்க்க முடியாதவை.’ இது எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

“படத்தப் பாத்து வாங்குறவங்க நகைய கையில புடிச்சா பாக்குதாங்க? நான் பாத்துட்டேன்னு நம்பித்தான் வாங்குதாங்க. நான் எதப் பாக்கலைன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்றார்.

என் படங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்று விளக்கு வைத்து ஒரு மோதிரத்தைப் படமெடுத்திருந்தேன். கல் நட்சத்திரம் மாதிரி இருந்தது. எனக்கே பெருமை. பாத்திமா மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அங்கே கல் லேசான மஞ்சளாகத் தெரிந்தது. “உன் லைட்டுல வச்சா புளியங்கொட்டை கூட வைரமாயிரும் சுதா. வாங்குறவ வீட்டுல இந்த மூணு லைட்டும் இருக்குமா?” அன்றிலிருந்து எல்லா நகைக்கும் ஜன்னலோரப் படம் ஒன்றும் சேர்ந்தது.

அவரை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்ப்பது சபாபதி சாரின் தோடு விஷயத்தில்தான். நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது.

சபாபதி, தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சான்பாடாவிலிருந்து ஒரு நாள் இறந்துபோன மனைவியின் ஏழு கல் வைரத் தோடுகளோடு வந்தார். கூடவே பிளாஸ்டிக் உறையில் பழைய மதிப்பீட்டுத் தாள் ஒன்று. பல வருடங்களுக்கு முன் இன்சூரன்ஸுக்காக நகைக்கடையில் எழுதி வாங்கியது. அதிலிருந்த தொகையை நம்பி, பேத்தியின் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் தானே கட்டுவதாக மகனிடம் சொல்லிவிட்டிருந்தார்.

பாத்திமா தாளைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “சார், இது தொலைஞ்சுபோனா கடையில புதுசா இதே மாதிரி வாங்க என்ன ஆகும்னு எழுதுனது. விக்கப்போனா இத யாரும் தர மாட்டாங்க. பாதி கிடைச்சாலே பெருசு.”

“என் மனைவியோட தோடு பாதிதான் பெறும்ங்கறீங்களா?” அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“தோட்டுல ஒரு கொறையும் சொல்லல சார். தாள்ல இருக்க நம்பர்தான் ரெட்டிப்பு.”

கத்திவிட்டுப் போனவர், நாலு கடை ஏறி இறங்கி, பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். எங்கள் உரிமையாளர் ராகேஷ் பாய் அந்தப் பழைய தொகையை இணையப் பக்கத்தில் போட்டு, அதைக் கோடிட்டு அடித்து, கீழே எங்கள் விலையைப் போடலாம் என்றார். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஆட்கள் ஓடி வருவார்களாம். “அதப் போடுங்க பாய். என் கையெழுத்த எடுத்துருங்க” என்றார் பாத்திமா. பழைய தொகை இணையப் பக்கத்தில் ஏறவில்லை.

தோடுகளின் பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடியிருந்தது. திறந்து பார்க்கட்டுமா என்று பாத்திமா கேட்டதற்குச் சபாபதி சம்மதிக்கவில்லை. “அவ போட்டிருந்த மாதிரியே போகட்டும்மா” என்றார். பாத்திமா வற்புறுத்தவில்லை. ‘பார்க்க முடியாதவை’ என்பதன் கீழ் இரண்டு வரிகள் எழுதினார்: ‘பின்பக்கம் மூடியிருப்பதால் கற்களின் எடை கணிப்பு மட்டுமே. வலது தோட்டின் நடுக்கல்லின் ஒளி மற்ற கற்களைப் போல் இல்லை; அதன் ஆழத்தை அளக்க முடியவில்லை.’

இணையப் பக்கத்தில் ஏற்றும்போது அந்த இரண்டு வரிகளையும் நான் அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அந்த மாதம் எதுவும் விற்கவில்லை. இதைப் படித்தால் யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் தோடுகள் விற்றன. வாங்கியவள் மேரி, செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன் கல்யாணத்துக்குத் தானே வாங்கிக்கொண்டாள். இருபது நாள் கழித்து ஒரு மதியம், சின்னப் பிளாஸ்டிக் பையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். திருகு சரியில்லை என்று ஆசாரியிடம் கொடுத்திருக்கிறாள். அவர் பின்தகட்டைத் திறந்திருக்கிறார். வலது தோட்டின் நடுக்கல் வைரம்தான். ஆனால் மெல்லிய வில்லை. அடியில் வெள்ளிக் காகிதம் வைத்துப் பெரிய கல் மாதிரி காட்டியிருந்தார்கள்.

“உங்க சர்ட்டிபிகேட்டப் பாத்துத்தானே மேடம் வாங்குனேன்?” என்றாள் மேரி. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ராகேஷ் பாய் இந்தியில் கத்தத் தொடங்கினார். கிழவன் ஏமாற்றிவிட்டான், போலீஸுக்குப் போகிறேன் என்றார். பாத்திமா எழுந்து மேரிக்கு நாற்காலி போட்டார். “கையெழுத்து என்னுதும்மா. பொறுப்பும் என்னுதுதான்” என்றார்.

அவருடைய மூல அறிக்கை அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது. இரண்டு வரிகளும் அதில் இருந்தன. எடுத்துக் காட்டினால் அந்தக் கணமே அவர் தப்பித்திருப்பார். அவர் இழுப்பறையைத் தொடவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

நான் உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. ராகேஷ் பாய் பாத்திமாவிடம், இத்தனை வருட அனுபவம் இதுதானா என்று கேட்டார். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. அதன் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. “அவங்க எழுதியிருந்தாங்க. நான்தான் அழிச்சேன்” என்றேன்.

பாத்திமாதான் முதலில் பேசினார். “சரி, அது ஆயிப்போச்சு. இப்போ இந்தப் புள்ளைக்கு என்ன செய்யணும்? அதப் பேசுவோம்.”

மறுநாள் நானும் அவரும் ரயிலில் சான்பாடா போனோம். போலீஸ் பேச்சை ஒரு நாள் தள்ளிவைக்கும்படி ராகேஷ் பாயிடம் கேட்டு அவர் சம்மதம் வாங்கியிருந்தார். “அவருக்குத் தெரிஞ்சிருக்காது சுதா. தெரிஞ்சவர் அப்படிக் கத்த மாட்டாரு” என்றார் வழியில்.

சபாபதி வீட்டில் பாத்திமா சுற்றி வளைக்கவில்லை. வில்லையைக் காகிதத்தில் வைத்து அவர் முன் நகர்த்தி, என்ன இருந்தது என்பதை மட்டும் சொன்னார். பெரியவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“எப்போ மாத்தியிருக்காங்கம்மா?”

“கல்லப் பாத்து அதச் சொல்ல முடியாது சார்.”

சபாபதி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “எங்க கம்பெனி பதினோரு மாசம் பூட்டிக் கிடந்துச்சு. பையன் அப்போ கைக்குழந்தை. அவ அண்ணன் பணம் அனுப்புறான்னுதான் சொல்லுவா. அந்த நன்றிக்காக மச்சினன் முன்னாடி, அவன் சாகுற வரைக்கும், நான் உக்காந்ததே இல்ல. அவன் ஒரு தடவ கேட்டான், ‘என்னத்துக்கு மாப்ள எனக்கு இவ்வளவு மரியாதை?’ன்னு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன்.” சொல்லி முடித்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் கைகளை எடுக்கும்வரை பாத்திமா காத்திருந்தார்.

பிறகு சபாபதி ஒன்று கேட்டார். இந்த வில்லைக்கும் ஓர் அறிக்கை எழுதித் தர முடியுமா என்று. பாத்திமா அங்கேயே, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதினார். வைரம். மெல்லிய வில்லை. விற்றால் சொற்பம். ஒரு வார்த்தை கூட்டவில்லை. கீழே, ‘பார்க்க முடியாதவை’ என்று எழுதி, ‘எப்போது, யாரால், எதற்காக மாற்றப்பட்டது என்பது’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். “சரியா எழுதியிருக்கீங்க” என்றார். ஒன்பது வருடத்தில் ஒரு மதிப்பீட்டுத் தாளைப் பார்த்து நான் பிரமித்து நின்றது அந்த ஒரு முறைதான்.

மேரிக்குத் தோடுகள் பிடித்திருந்தன. வேறு முழுக் கல் பதித்து, பின்பக்கம் திறந்த நிலையில் இரண்டு தோட்டின் பதினான்கு கற்களையும் பாத்திமா மறுபடி பார்த்து எழுதிக்கொடுத்தார். கல்லின் செலவைச் சபாபதியும் நிறுவனமும் பகிர்ந்துகொண்டார்கள். பேத்தியின் கட்டணத்தில் தன்னால் முடிந்தது ஒரு பங்குதான் என்று மகனிடம் சொல்லிவிட்டதாகப் பெரியவர் போன் செய்தார். வில்லையை அவரே வைத்துக்கொண்டார்.

சான்பாடாவிலிருந்து திரும்பிய மறுநாள் எனக்கு ஆபீஸுக்குப் போகவே கூசியது. இனி நான் ஏற்றும் ஒவ்வொரு பக்கத்தையும் பாத்திமா சரிபார்ப்பார் என்று நினைத்தேன். சரிபார்த்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன். பத்தரை மணிக்கு ஒரு மூக்குத்தியின் அறிக்கையை என் பக்கம் தள்ளி, “போட்டுரு புள்ள” என்றார். போட்டேன். அவர் வந்து பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகான நான்கு வருடங்களிலும் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டைப் பற்றி ஒரு சொல், ஒரு கிண்டல்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கையைத்தான். அதற்கு நான் தகுதியானவள் என்று நிரூபித்த பிறகு அவர் அதைத் தரவில்லை. தவறு செய்த மறுநாள் காலையிலேயே தந்துவிட்டார். அதற்குப் பிறகு, அவர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட எடுக்க என் கைக்குத் துணிவு வந்ததில்லை.