டிசம்பர் மாசப் படம்

இயற்கைக் காட்சி படம் எடுக்கிற தொழிலில் மழையைச் சமாளிக்கலாம், வெயிலைச் சமாளிக்கலாம், உதவி செய்ய வருகிற நல்ல மனுசரைச் சமாளிக்கவே ஏலாது. கெமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு அலைந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலை டவுனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கொழும்பில் ஓர் அச்சகம், கலண்டருக்குப் பன்னிரண்டு காட்சி வேண்டும் என்று கேட்டது. கலர் பிலிம் கண்ணில் படாத காலம். ஒரேயொரு றோல் அனுப்பினார்கள். அதில் பன்னிரண்டு படம்தான் விழும், ஒன்று கெட்டால் ஒரு மாசம் போச்சு. டவுனைச் சுற்றி ஒன்பதை எடுத்துவிட்டு, மிச்சம் மூன்றோடு மாசி மாசத்தில் தெற்கே வெளிக்கிட்டேன்.

கிண்ணியாத் துறை

அப்போது பாலம் இல்லை. பஸ்ஸையும் சனத்தையும் சேர்த்து ஏற்றி அக்கரைப்படுத்துகிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற பாதைக்காரர் காசிமிடம், நான் கரையில் நிற்பேன், நீங்கள் வழக்கம்போலப் போங்கள், நான் எடுப்பேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

நடுத் தண்ணியில் பாதை நின்றது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் இறங்கி வந்து வரிசையாக நின்றார்கள். ஆம்பிளைகள் சீப்பை எடுத்துத் தலை இழுத்தார்கள், பொம்பிளைகள் முக்காட்டைச் சரிப்படுத்தினார்கள், மீன் கூடைக்காரர் கூடையை ஒளித்து வைத்தார். போங்கோ, போங்கோ என்று நான் கையைக் காட்ட, அவர்களும் சந்தோசமாகக் கையைக் காட்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டு போக, வேறு வழியில்லாமல் பொத்தானை அமத்தினேன். பிறகு காசிம் காக்கா கரைக்கு வந்து சொன்னது: "ஒருத்தரும் ஆடாம நிண்டம் தம்பி. இனியும் படம் கலங்கினா அது உங்கட பிழை."

மூதூர்க் களம்

கதிரைச் சூடு அடித்து நெல்லைக் குவித்திருந்தார்கள். நல்ல மஞ்சள் வெயில். காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். கெமராவைத் தூக்கினதும் களத்துக்காரர் குறுக்கே வந்து நின்றார். அளக்க முதல் குவியலைப் படம் பிடிக்க விடமாட்டாராம். கண்ணூறு ஒரு பக்கம் இருக்க, அளக்கிறபோது பொலியும் குறைஞ்சு போகுமாம். அளந்து முடியப் பின்னேரம் ஆனது, நெல்லும் சாக்குக்குள் போய்விட்டது. வைக்கோல் போரைத்தான் எடுத்தேன். கொஞ்சம் முதலே விட்டிருக்கலாமே என்று நான் முணுமுணுக்க, அந்த மனுசன் சிரிக்காமல் சொன்னார்: "நீங்கள் முதலே பெட்டிக்குள்ள அடைச்சுக்கொண்டு போனா, நான் என்னத்தைத் தம்பி அளக்கிறது?"

தாமரைக் குளம்

கடைசிப் படத்துக்கு ஈச்சிலம்பற்று. வேலுப்பிள்ளை அண்ணை எனக்குப் பழக்கமான, வயல் செய்கிற கமக்காரர். அவருடைய வீட்டு வளவுக்குப் பின்னால் உள்ள குளம் முழுக்கத் தாமரை. விடியப் பூ விரியிற நேரம் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே படுத்தேன்.

அவருக்கும் ஒரு கவலை இருந்தது. மகள் செல்வராணிக்கு மட்டக்களப்பில் ஒரு சம்மந்தம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டு மூன்று மாசம். பெட்டை டவுனுக்கு வரமாட்டேன் என்று நிற்கிறாள். இழுபட்டால் சம்மந்தம் குழம்பிப் போகும். ஒரு படம் எடுத்துத் தாங்கோ என்றார். பிலிமில் ஒன்றுதான் மிச்சம் அண்ணை, அது தாமரைக்கு என்று சொன்னேன். மனுசன் எனக்குப் பாயை விரித்துத் தந்துவிட்டுப் போனார்.

விடிய எழும்பிப் பார்த்தால் குளத்தில் இலைதான் மிதக்குது. வேலுப்பிள்ளை அண்ணை இடுப்பு வரைக்கும் சேற்றோடு முற்றத்தில் நிற்கிறார், முன்னால் பூக் குவியல். நான் சேற்றில் இறங்கிக் கஷ்டப்படக்கூடாது என்று ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டு வந்திட்டாராம். எனக்கு அழுகைதான் வந்தது. அந்த நல்ல மனுசனோடு கோபிக்கிறது எப்படி? சரி அண்ணை, மகளைக் கூப்பிடுங்கோ என்றேன். படம் மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர வேறு ஆருடைய கண்ணிலும் படக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்.

செல்வராணி குசினிக்குள் அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்தாள். பழைய சட்டை, எண்ணெய் வைக்காத தலை. பூக்களை அள்ளிக் கைநிறைய எடுத்தவள், தகப்பனின் கோலத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். என் கை தானாக அமத்திவிட்டது. சத்தம் கேட்டு வேலுப்பிள்ளை அண்ணை திரும்பினார்: "சீலை மாத்தேல்ல, பவுடர் போடேல்ல. இதைப் பாத்து ஆர் தம்பி பொம்பிளை எடுப்பினம்?"

தை மாசம்

கலர் பிலிமைக் கழுவக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். பன்னிரண்டாவது படம் கலண்டருக்கு இல்லை, பிரிண்ட் போட்டு எனக்கே அனுப்புங்கள் என்று கடிதமும் வைத்தேன். பதிலே வரவில்லை. வேலுப்பிள்ளை அண்ணை ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டார். வரும், வரும் என்று சமாளித்தேன். வருசக் கடைசியில் வந்தது கலண்டர். டிசம்பர் மாசத்தில் செல்வராணி, கைநிறையத் தாமரையோடு சிரிக்கிறாள். அதற்குள் கடை கடையாகத் தொங்குது. ஒரு பெட்டையின் வாழ்க்கையைச் சந்தியில் தொங்கவிட்டேனே! ஏச்சு வாங்கத்தான் வேண்டும் என்று தை பிறந்ததும் பஸ் ஏறினேன்.

வேலுப்பிள்ளை அண்ணை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். "சொன்ன சொல்லை நீங்கள் காப்பாத்தேல்ல, தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்தேன். பிறகுதான் மெல்ல மெல்லக் கதை வந்தது. போன கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன், சுருட்டின கலண்டரும் கையுமாக வந்து, இதுதானே பிள்ளை என்று கேட்டாராம். வைகாசியில் கலியாணம்.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். தை மாசத்தில் டிசம்பர் தொங்குது. என் கோணமலை, துறைமுகம், பாதை, வைக்கோல் எல்லாம் செல்வராணியின் தம்பிமாரின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறையாகிக் கிடந்தன. தேத்தண்ணி கொண்டுவந்தவள் நான் பார்க்கிறதைக் கண்டுவிட்டாள்: "மட்டக்களப்பில அவையளும் முன்னுக்கிருந்த பதினொண்டையும் கிழிச்சுப்போட்டினமாம் அண்ணை. பாவம், உங்கட படங்கள்."

ஊரின் அழகையெல்லாம் பெட்டிக்குள் அடைத்து வந்தவன் என்று பெருமை பேசித் திரிந்த நான், அந்த வருசத்தில் செய்து முடித்த ஒரே வேலை இரண்டு வீட்டில் டிசம்பரை முன்னுக்குக் கொண்டுவந்ததுதான்.