ஒரு இழுப்பு பாக்கி

கையில் எது கிடைத்தாலும் அதன் இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். பள்ளிக்கூடப் பையின் வார், துணி காயப்போடும் கொடி, கடைப் பையின் காது, மகளின் பின்னல், எதுவும் தப்பாது.

"இது தலையாம்மா, கயிறா?" என்று மகள் கத்துவாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. பாதி வழியில அவுந்துச்சுன்னா மானம் போயிடும்."

மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு பெல்ட் பட்டறையில்தான் வேலை. கால்சட்டைக்குப் போடும் பெல்ட் இல்லை. உயரமான கட்டிடங்களின் வெளிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பவர்களும் கண்ணாடி துடைப்பவர்களும் மாட்டிக்கொள்ளும் பெல்ட். தோளையும் தொடையையும் சுற்றிவரும் தடித்த நாடா, முதுகில் ஒரு இரும்பு வளையம். கால் தவறினால் அந்த ஆளின் மொத்த பாரமும் அந்த வளையத்தில்தான் வந்து நிற்கும். வளையத்தை நாடாவோடு சேர்த்துத் தைப்பதுதான் அம்மாவின் வரிசைக்கு வேலை. யார் தைத்தது என்று தெரிவதற்காக ஆளுக்கொரு நிறத்தில் கடைசித் தையல் போடுவார்கள். அம்மாவுடையது கிளிப்பச்சை.

தைத்து முடித்ததும் மற்றவர்கள் நூலை வெட்டிவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார்கள். அம்மா மட்டும் வளையத்தை மெஷினின் இரும்புக் காலில் மாட்டி, நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து ஒரு இழுப்பு இழுப்பாள். யாரும் சொன்னதில்லை. பட்டறை விதியிலும் இல்லை. கட்டுக்கு ஒரு பெல்ட்டை எடுத்துப் பரிசோதனை அறையில் இயந்திரத்தில் மாட்டி இழுப்பார்கள். அது போதும் என்று எல்லோரும் இருந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் போதவில்லை. அதனால் பட்டறையில் அவள் பெயரே 'இழுப்பு அக்கா' ஆகிப்போனது.

அந்தப் பெயர்தான் வினையை உள்ளே அழைத்துவந்தது.

புது மேனேஜர் ஒருவர் வந்தார். முகத்தில் பாதியை மறைக்கும் மூக்குக்கண்ணாடி. வந்த அன்றே அவருக்கும் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தாயிற்று. அம்மாவின் மெஷினில் மட்டும் வேலை ஏன் மெதுவாகப் போகிறது என்று அவர் கேட்டார்.

"அவங்களுக்கு இழுப்பு இருக்கு சார்" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

பாவம், மனுஷன் நல்லவர். மூச்சிரைப்பு என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, மூக்குக்குத் துணிக் கவசம் கொடுத்து, டாக்டரிடம் போக அரை நாள் லீவும் எழுதிக் கொடுத்தார். அம்மா ஒன்றும் புரியாமல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, "எனக்கு என்ன வியாதின்னு நீங்கதான் சொல்லணும்" என்றாளாம். பட்டறை ஒரு வாரம் சிரித்தது.

உண்மை தெரிந்ததும் கண்ணாடி அம்மாவின் பின்னால் வந்து நின்று பார்த்தார். கிளிப்பச்சைத் தையல் போட்ட பெல்ட் எதுவும் இதுவரை குறை என்று திரும்பி வந்ததில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். "இப்படிப்பட்ட ஆளை சும்மா விடலாமா? இதுக்கு ஏதாவது செஞ்சே ஆகணும்" என்றார்.

செய்தார். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு கொக்கி வந்தது. கொக்கியோடு ஒரு சின்ன டப்பா. வளையத்தை மாட்டி இழுத்தால் 'டக்' என்று சத்தம் வரும், டப்பாவில் ஒரு எண் ஏறும். எண் ஏற ஏறச் சம்பளத்தோடு ஊக்கத்தொகை. மாதத்தில் முதலாவதாக வருபவரின் படம் வாசல் சுவரில். பெண்கள் அதற்கு மீட்டர் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் மாதமே சுவரில் அம்மா. கழுத்தை விறைத்துக்கொண்டு, திருடியைப் பிடித்துவந்து நிறுத்தியதுபோல ஒரு படம். மகள் அதைப் பார்க்கவென்றே கல்லூரி விட்டு பட்டறை வரை நடந்து போனாள். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். மதிப்பெண்ணுக்காகப் படித்து, மதிப்பெண் வந்ததும் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காமல் வளர்ந்தவள். கேட்க ஆள் இல்லாதபோதும் ஒரு வேலையைச் செய்கிறவளிடம் என்ன இருக்கும் என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு குடைச்சல்.

"ஏம்மா, மீட்டர் வர்றதுக்கு முன்னாடி எதுக்காக இழுத்தே?"

அம்மா யோசித்தாள். "தெரியலடி. இழுத்தா மனசு நின்னுடும். இழுக்கலன்னா வீட்டுக்கு வந்தப்புறமும் அது பின்னாலயே வர்ற மாதிரி இருக்கும்."

"இப்போ?"

"இப்போ டக்குன்னு சத்தம் வந்தா நின்னுடுது" என்று சிரித்தாள்.

மகளும் சிரித்தாள். ஆனால் அந்த வாரம் அம்மா கொடியில் துணி காயப்போடும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். அம்மா கொடியைப் பிடித்து வழக்கம்போல இழுத்தாள். இழுத்துவிட்டு நகரவில்லை. தலையைச் சாய்த்து, எதற்கோ காது கொடுத்துக்கொண்டு நின்றாள். வரவேண்டிய சத்தம் வரவில்லை. முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது. பிறகு துணியைப் போட்டாள்.

நாளாக ஆக அந்த நிற்றலும் நின்றது. கொடியை இழுப்பதும் நின்றது. மகள் வேண்டுமென்றே பின்னலைக் கொண்டுபோய் முன்னால் நீட்டினாள். அம்மா, "என்னடி?" என்றாள்.

பட்டறையில் சில பெண்கள் பெல்ட்டே இல்லாமல் வெறும் கொக்கியைப் பிடித்து 'டக் டக்' என்று இழுத்து எண்ணை ஏற்றினார்கள். அம்மா அதைச் செய்யவில்லை. ஆனால் அவள் கண் அடிக்கடி டப்பாவுக்குப் போனது. கள்ளக்கணக்கு வெளியே வந்ததும் மேலிடத்தில் பெரிய ரகளை. கண்ணாடியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஒரே காலையில் மீட்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்கள். வாசல் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அன்றைக்கு முதல் பெல்ட்டைத் தைத்து முடித்துவிட்டு அம்மா பக்கத்தில் பார்த்தாள். திருகாணி இருந்த துளைகள்தான் இருந்தன. பழைய இரும்புக் கால் அங்கேயேதான் இருந்தது, மாட்டி இழுக்கலாம், யார் கையைப் பிடித்தது? நூலை வெட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"கை எழும்பலடி" என்றாள் மகளிடம். "கூலி குடுக்காத வேலைய ஏன் செய்யணும்னு உள்ளுக்குள்ள யாரோ கேக்குறாங்க. முன்னாடி அப்படி யாரும் கேட்டதே இல்ல."

"விடும்மா, டெஸ்ட் ரூம்தான் இருக்கே" என்றாள் மகள்.

ஒரு சாயங்காலம் ஊசி மாற்றும்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. பழைய ஊசியின் முனையை நகத்தில் தேய்த்தாள். நகத்தில் சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. அந்தப் பிசிறு ஒவ்வொரு குத்திலும் நாடாவுக்குள்ளேயே நூலை அறுத்துவிடும். மேலே பார்த்தால் தையல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கட்டுப் போடாமல் கிடந்த தன் பெல்ட் ஒன்றை எடுத்து, வளையத்தை மெஷின் காலில் மாட்டி, உடம்பைச் சாய்த்து இழுத்தாள்.

வளையம் தனியே வந்தது. அம்மா நாடாவோடு பின்னால் போய் விழுந்தாள்.

எழுந்ததும் நேராக சூப்பர்வைசரிடம் போனாள். "தம்பி, போன கட்டெல்லாம் திரும்ப வரணும்."

"டெஸ்ட் ரூம்ல பாஸ் ஆன சரக்குக்கா. ஏன் வம்பை விலைக்கு வாங்குறீங்க?"

"அங்க எடுத்ததெல்லாம் பக்கத்து மெஷின் பெல்ட். என்னுது இல்ல."

"உங்களுது எதுக்கு? நீங்கதான் இழுத்துட்டு அனுப்புவீங்களே!"

அவர் தமாஷாகத்தான் சொன்னார். சுற்றிலும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இழுக்கல" என்றாள்.

சரக்கு திரும்பி வந்தது. கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து கிளிப்பச்சைத் தையல் போட்ட ஒவ்வொன்றையும் இழுத்தாள். பாதி நின்றது, பாதி விட்டது. விட்ட ஒவ்வொன்றுக்கும், "இதை எவன் போட்டிருப்பானோ" என்று முனகினாள். கடைசியில் ஒன்று மட்டும் வரவில்லை. கடைக்காரர் கையை விரித்தார்.

"எவனோ ஒரு பையன் வந்து வாங்கிட்டுப் போனாம்மா. பேரெல்லாம் யார் கேக்குறா? இங்கயே மாட்டிப் பாத்துட்டு, யாரோ பின்னாலேர்ந்து கட்டிப் புடிச்ச மாதிரி இருக்குன்னு சிரிச்சான்."

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு புது வழக்கம் வந்தது. தெருவில் நடந்தால் மேலேயே பார்த்தாள். எந்தக் கட்டிடத்தில் யார் தொங்கினாலும் நின்றுவிடுவாள். "அண்ணே, கொஞ்சம் கீழ வாங்க" என்று கத்துவாள். சிலர் வைதார்கள். சிலர் இறங்கி வந்து முதுகைக் காட்டினார்கள். மஞ்சள், நீலம், சிவப்பு. கிளிப்பச்சை இல்லை. செய்தித்தாளில் யாராவது விழுந்த சேதி வந்தால் அதை மகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "பெல்ட் போட்டிருந்தானாமா?" என்று மட்டும் கேட்பாள். எந்தச் சேதியிலும் அது இருக்காது.

இப்போது யாரும் எண்ணவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆனாலும் ஓடினாள். இது பழைய இழுப்பா என்று மகள் யோசித்துப் பார்த்தாள். இல்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. இதைப் பயம்தான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

பல வருஷத்து நாடாத் தூசி கடைசியில் அம்மாவின் நெஞ்சைப் பிடித்தது. மூச்சு விசில் அடித்தது. "கண்ணாடி அப்பவே கண்டுபிடிச்சுட்டான் பாரு" என்று இரைத்துக்கொண்டே சிரித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒண்ணு வந்துச்சாடி?"

மகள் தயங்கவில்லை. "வந்துடுச்சும்மா. நானே இழுத்துப் பாத்தேன். நின்னுச்சு."

"வளையத்தை எதுல மாட்டுனே?"

மகளின் கண் கட்டிலின் இரும்புக் காலுக்குப் போனது. அம்மா அவள் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்க் கட்டிடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கண் மூடும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு இப்போது உயரமான ஒரு கட்டிடத்தில் வேலை. திறக்க முடியாத பெரிய கண்ணாடிச் சுவர், அதை ஒட்டி அவள் மேசை. நேற்று வெளியே ஒரு நிழல் இறங்கியது. கண்ணாடி துடைப்பவன், இளைஞன். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு நுரையைப் பூசத் தொடங்கினான். அவன் தோளில் பழசாகிப்போன நாடா. வளையம் முதுகுப் பக்கம், இங்கிருந்து தெரியாது.

அவள் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினாள். திரும்பு என்று விரலைச் சுழற்றிக் காட்டினாள். அவன் வேறு எதையோ புரிந்துகொண்டு, துடைப்பானை ஒரு சுற்றுச் சுழற்றி வேடிக்கை காட்டினான். நுரை கண்ணாடி முழுக்கப் பரவி அவனை மறைத்தது. அது வழிந்து இறங்கியபோது அவன் கீழ் மாடிக்குப் போய்விட்டிருந்தான். அவள் படிக்கட்டில் ஓடி இறங்கித் தெருவுக்கு வந்து பார்த்தாள். கயிறு மட்டும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஆள் வேலை முடித்துப் போய்விட்டானாம். எந்த ஆள் என்று காவலாளிக்குத் தெரியவில்லை.

அவள் கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அது நின்றது. அம்மா பாக்கி வைத்துப் போனது அது இல்லை.