மாமா நிரப்பிய கேரியர்

லண்டனிலிருந்து வந்த தாய்மாமன் அக்கா வீட்டில் தங்காமல் ஓட்டலில் ரூம் போட்டால் தெருவில் என்ன பேசுவார்களோ, அதைத்தான் எங்கள் தெருவிலும் பேசினார்கள். என் தம்பிக்குக் காது குத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று மாமாவை வரவழைத்திருந்தோம். வீட்டில் இருந்த ஒரே அறையில் அவருக்காக ஏசி மாட்டி, மெத்தைக்குப் புது உறை போட்டு வைத்திருந்தாள் அம்மா. மாமாவோ கும்மிடிப்பூண்டி ஹைவே ஓரம் புதிதாக வந்திருந்த அமெரிக்கக் கம்பெனி ஓட்டலில் போய் இறங்கிவிட்டார். அது ஒன்றும் மாளிகை இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் மெஷின் பூட்ட வருகிற வெள்ளைக்காரர்கள் சிக்கனமாகத் தங்கிப் போகிற இடம். மாமாவும் பாஸ்போர்ட்படி பிரிட்டிஷ்காரர்தான், நிறம் மட்டும் எங்கள் நிறம்.

"என் ஊட்ல இன்னா பாம்பா கீது? அவன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றாள் அம்மா. காது குத்தே நின்றுவிடும் போலிருந்தது. ஆனால் கோபம் வேறு, சோறு வேறு. மறுநாள் காலையில் இட்லியும் இறால் தொக்கும் கேரியரில் அடுக்கி என் கையில் கொடுத்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, உருக்காலைக் கரி படிந்த சட்டையோடு என்னை வண்டியில் கூட்டிப்போனார். அந்தச் சட்டையோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு கேட்டிலேயே நின்றுவிட்டார்.

மாமா என்னை ரூமுக்கு அழைத்துப்போய், கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தொக்கை வழித்து வழித்துச் சாப்பிட்டார். கேரியரைக் குளியலறையில் கழுவித் துடைத்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு ரூமைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெறும் கேரியரா குடுத்தனுப்பக் கூடாதே பாப்பா. அக்கா இன்னா நெனைக்கும்?"

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பிடி அரிசியாவது போட்டுத் தருவார்கள். ஓட்டல் ரூமில் அரிசிக்கு எங்கே போவது? மாமாவுக்கு வழி தோன்றியது. "காலைல நாஷ்டாவும் ரூம் வாடகையிலயே சேர்த்தி. நான்தான் துன்னலயே, என் பங்க எடுத்துக்கலாம்" என்று கீழே சாப்பாட்டு ஹாலுக்குக் கூட்டிப்போனார். அவித்த முட்டை, பிரெட், தர்பூசணி, பட்டர் பொட்டலம் என்று ஒவ்வொரு அடுக்காக நிரப்பினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாசலை நெருங்கும்போது கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். மாமாவிடம் இங்கிலீஷில் பணிவாக ஏதோ சொன்னவர், என்னிடம் மட்டும் தமிழில், "அதத் தொற பாப்பா" என்றார். ரிசப்ஷன் மேஜை மேல் கேரியர் ஒவ்வொரு அடுக்காகப் பிரிந்தது. லேப்டாப் பையோடு நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முட்டை உருண்டு கீழே விழுந்தது. தெருவே பெருமை பேசிய லண்டன் இங்கிலீஷ் மாமாவின் வாயில் வரவே இல்லை. "சாரி, சாரி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்தில் வந்த மனுஷனின் மானம் கப்பலேறிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மாமாவுக்கா நாம் ஏசி மாட்டினோம் என்று இருந்தது.

மாமா திரும்ப மேலே போய், ரூமில் வைத்திருந்த டீத்தூள், சர்க்கரைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து, அவர்கள் காலி செய்து கொடுத்த கேரியரில் போட்டார். "இது ரூமுக்குள்ள குடுத்தது. இத எவனும் கேக்க முடியாது" என்றார்.

கேட்டில் அப்பாவைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, "பகல்ல நல்லாத் தூங்குறீங்களா மச்சான்?" என்பதுதான். அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார். இவ்வளவு அவமானப்பட்ட பிறகு தூக்கத்தைப் பற்றி என்ன விசாரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கேரியரைத் திறந்த அம்மா, "லண்டன்காரன் குடுத்த சீரப் பாரு" என்றாள். நான் நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா அடுப்பை மூட்டி, அந்தத் தூளிலும் சர்க்கரையிலும் டீ போட்டுக் குடித்தாள். "வெறும் கேரியர் குடுக்கக் கூடாதுன்னு அவனாவா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டாள். மறுநாள் கேரியரை எடுத்துக்கொண்டு அவளே ஓட்டலுக்குப் போனாள். காது குத்து நடந்தது, தம்பி மாமாவின் மடியில் மூத்திரம் போனான்.

இன்றும் எந்த ஓட்டலிலாவது சாப்பாட்டு மேஜையைப் பார்த்தால் அந்த முட்டை உருண்டது நினைவுக்கு வந்து கூசுகிறது. இப்போது கூச்சம் மாமாவை நினைத்து இல்லை, என்னை நினைத்து. அதற்கு முந்தைய தடவை மாமா எங்கள் வீட்டில்தான் தங்கினார். அந்த ஒரே அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா பகலெல்லாம் மொட்டைமாடித் தகரத்தின் கீழ் வெந்துகொண்டு புரண்டார். கண் செருகிப்போய் ஆலையில் வலது கையைச் சுட்டுக்கொண்டதும் அப்போதுதான். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும், தினமும் பார்ப்பேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் மாமா தூக்கத்தை விசாரித்தார் என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.